ஒன்பது உருண்டைகள்

தை பிறக்கப் பத்து நாள் இருந்தது. திருவாரூரில் மன்னார்குடி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாலையின் இரண்டு பக்கமும் சம்பா தலை சாய்ந்து நின்றது. பச்சை போகவுமில்லை, மஞ்சள் முழுசாக வரவுமில்லை. வெண்ணாற்றுப் பாசனத்தில் வருஷத்துக்குச் சில நாட்கள் மட்டும் கண்ணில் படுகிற நிறம் அது. அந்த நிறத்துக்கு நடுவே ஆளுயரத்துக்கும் மேலாக மூங்கில் கழிகள் நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குறுக்குக் கட்டை, அதில் வைக்கோல் சுற்றியிருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ராத்திரி ஆந்தை வந்து குந்தும் தம்பி. எலிக்காக வச்சிருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "முன்னெல்லாம் அதைக் கண்டாலே கல்ல எடுப்போம்" என்றார்.

நான் வந்ததும் ஆந்தைக்காகத்தான். கூத்தாநல்லூரை அடுத்த ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லித்தரும் ஆசிரியை, "ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆந்தை கக்கின உருண்டையைப் பிரிச்சுப் பார்க்கப் போறாங்க, வர்றீங்களா?" என்று போனில் கேட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றுமா?

கூத்தாநல்லூர் என்றால் டெல்டாக்காரர்களுக்கு உடனே சிங்கப்பூரும் மலேசியாவும் நினைவுக்கு வரும். தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் ஊர். பள்ளிவாசல் தெருக்களில் நடந்தால், அகலத் திண்ணையும் வேலைப்பாடான கதவும் மாடியில் வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னலுமாகப் பெரிய பெரிய வீடுகள். அவற்றில் சில பூட்டிக் கிடக்கின்றன. ஆட்கள் வெளிநாட்டில். கல்யாணத்துக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வந்து திறந்தால் உண்டு. கூகை என்கிற அந்த ஆந்தைக்குத் தேவை மூன்று: உயரத்தில் இருட்டான ஒரு பொந்து, ஆள் நடமாட்டம் இல்லாத அமைதி, பக்கத்திலேயே எலி. முதல் இரண்டையும் இந்த வீடுகளின் மாடிகள் கொடுக்கின்றன. மூன்றாவதை ஊரைச் சுற்றியிருக்கும் வயல் கொடுக்கிறது.

லெட்சுமாங்குடியில் இறங்கி டீ குடித்தேன். கடையில் இருந்த பாய் ஒருவருக்கு எழுபது வயதிருக்கும். நான் வந்த காரியத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "மலேசியாவுல செம்பனைத் தோட்டத்துல இதுக்குன்னே பெட்டி அடிச்சுக் கம்பத்துல மாட்டி வச்சிருப்பாங்க தம்பி. எலி செம்பனைக் குலையைக் கொறிச்சுப்புடும். ஆந்தை இருந்தா மருந்துச் செலவு மிச்சம்" என்றார். செம்பனை என்பது அங்கே எண்ணெய்ப்பனைக்குத் தமிழர்கள் வைத்த பெயர். மலேசியத் தோட்டங்களில் கூகையை வளர்த்து எலியைக் கட்டுப்படுத்தும் வழக்கம் 40 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. இஸ்ரேலில் 1980-களில் ஒரு கூட்டுப் பண்ணையில் கூகைப் பெட்டி வைக்கத் தொடங்கினார்கள், பின்னால் அது எல்லை தாண்டி ஜோர்டான் விவசாயிகளிடமும் போனது. இதையெல்லாம் நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பாய் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொல்கிறார்.

ஆனால் நம் ஊரில் கூகையின் பெயர் சாக்குருவி. இரவில் அது அலறினால் அந்தத் தெருவில் ஒரு சாவு நிச்சயம் என்பார்கள். எனக்கு ஒன்பது வயதில், எங்கள் வீட்டு நெல் போடும் அறைக்குள் ஒரு கூகை வந்துவிட்டது. இதய வடிவில் வெள்ளை முகம், கறுத்த இரண்டு கண். பெரியவர்கள் கதவைச் சாத்தினார்கள், பையன்கள் நாங்கள் கம்பெடுத்தோம். அது கொத்த வரவில்லை. மூலையில் ஒண்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டியது. நெல்லைத் தின்ன வந்த எலியைப் பிடிக்கத்தான் அது உள்ளே வந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இல்லை. இதற்கு இத்தனை வருஷம் கழித்து என்ன பரிகாரம் செய்ய முடியும்? அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து கவனிக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

பள்ளிக்கூடம் வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. ஓட்டுக் கட்டடம் ஒன்று, கான்கிரீட் கட்டடம் ஒன்று, நடுவே ஒரு புங்கமரம். நான் போனபோது வானவில் மன்றக் கருத்தாளர் தன் ஸ்கூட்டியிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் அறிவியலையும் கணிதத்தையும் தங்கள் கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்று 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய அரசுத் திட்டம் வானவில் மன்றம். 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு இந்தக் கருத்தாளர்கள் வண்டியில் சாமான்களைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இந்த யோசனைக்கு வயது அதிகம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-லேயே கிராமத்துப் பள்ளிகளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கையால் செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இங்கே அதே பாதையில் நடந்தது. இந்த ஆசிரியையும் அந்த இயக்கத்தின் 'துளிர்' இதழைப் படித்து வளர்ந்தவர்தான்.

கூகை உருண்டை எந்தத் திட்டத்திலும் இல்லை. அது ஆசிரியையின் சொந்த ஏற்பாடு. கூகை எலியைக் கடித்து மெல்லாது, அப்படியே விழுங்கும். சதை செரித்த பிறகு மயிரும் எலும்பும் இரைப்பையில் உருண்டையாகத் திரண்டு, சில மணி நேரத்தில் வாய் வழியாக வெளியே வரும். பருந்தின் வயிற்று அமிலம் எலும்பைக் கரைத்துவிடும். கூகைக்கு அந்த அளவு அமிலம் கிடையாது. அதனால் அது விழுங்கிய விலங்கின் எலும்புகள் ஏறக்குறைய முழுசாகக் கிடைக்கும். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் விலங்கியல் ஆய்வாளர்கள் 1990-களில் காவிரி டெல்டாவில் இப்படி உருண்டைகளைச் சேகரித்துப் பிரித்து, கூகையின் இரையில் பெரும்பங்கு எலி வகைகள்தான் என்று காட்டியிருக்கிறார்கள். அவர்கள் செய்ததைத்தான் இந்தப் பிள்ளைகளும் செய்யப் போகிறார்கள்.

ஒரு மாதமாகப் பிள்ளைகள் சேர்த்துவைத்த உருண்டைகள் மொத்தம் ஒன்பது. பூட்டிய வீட்டின் பின்கட்டில் நான்கு, ஓடாத பழைய ரைஸ் மில்லில் மூன்று, வயலில் கழிக்கு அடியில் இரண்டு. ஒவ்வொன்றும் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, எடுத்த தேதியும் இடமும் எழுதியிருந்தது. ஆசிரியை அவற்றை வீட்டில் ஒரு பழைய குக்கரில் அரைமணி நேரம் ஆவியில் வைத்து எடுத்து வந்திருந்தார். "எலிக் காய்ச்சல் இருக்கிற ஊரு சார் இது. பிள்ளைங்க கையில குடுக்கிறதை நல்லா வேகவச்சுத்தான் குடுக்கணும்" என்றார். அந்தக் குக்கர் இனிச் சமையலுக்கு ஆகாது. அதன் மூடியில் சிவப்பு பெயிண்டால் பெருக்கல் குறி போட்டிருந்தார்.

முப்பத்தாறு பிள்ளைகள், நான்கு நான்கு பேராக ஒன்பது வட்டம். கையுறை, வெள்ளைத்தாள், ஈர்க்குச்சி, பழைய டூத் பிரஷ், ஒரு கிண்ணம் வெந்நீர். நான் ஒரு வட்டத்தில் உட்கார்ந்தேன். உருண்டை கட்டைவிரல் நீளம் இருந்தது, சாம்பல் நிறத்தில், நனைந்து காய்ந்த கம்பளி மாதிரி. ஒரு பையன் மூக்கருகே கொண்டுபோய், "நாறல டீச்சர், மண்ணு வாசந்தான் வருது" என்றான். தண்ணீர் பட்டதும் மயிர் பிரிந்தது. முதலில் வந்தது ஊசி மாதிரி ஒரு விலா எலும்பு. அடுத்து முதுகெலும்புக் கண்ணிகள், பாசிமணி அளவில். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. தலைமுக்காடு போட்ட சிறுமி ஒருத்தி பொறுமையாக ஈர்க்கால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். சட்டென்று கையை நிறுத்தினாள். மயிருக்குள்ளிருந்து ஒரு மண்டையோடு அவளைப் பார்த்தது.

புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் முன்பல் இரண்டும் ஆரஞ்சு நிறம்.

"வெத்தலை போட்டிருக்கு டீச்சர்!"

ஆசிரியை குனிந்து பார்த்தார். எலியின் முன்பல்லில் இரும்புச் சத்து இருக்கிறது, அதனால்தான் அந்த நிறம், அதனால்தான் அது நெல் தாளை அப்படி வெட்டுகிறது என்றார். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் காட்டினார். பக்கத்து வட்டத்தில் கிடைத்த மண்டையோட்டில் இடைவெளி இல்லை, பல்லெல்லாம் வெள்ளையாக, ரம்பம் மாதிரி நெருக்கமாக இருந்தது. அது மூஞ்சூறு. எலி இனமே இல்லை, பூச்சி தின்னி. ஒரு பையன் எழுந்து போய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தான். "ரெண்டும் ஒண்ணுன்னு இவ்வளவு நாளா நெனைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அதன் பிறகு வந்த சண்டைதான் அன்றைய வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் வட்டத்தில் மண்டையோடு இரண்டு. கீழ்த்தாடைகளைப் பிரித்து வைத்தால் இடது மூன்று, வலது இரண்டு. எலி எத்தனை? இரண்டு என்றான் ஒருவன், மண்டை இரண்டுதானே. ஐந்து என்றாள் இன்னொருத்தி. முக்காடு போட்ட சிறுமி தாடைகளை ஜோடி சேர்த்துச் சேர்த்துப் பார்த்தாள். ஒரு இடது தாடை தனியே நின்றது. "ஒரு எலிக்கு இடது ஒண்ணுதானே இருக்கும்? அப்ப மூணு எலிக்குக் கொறையாது" என்றாள். மூன்றாவதன் மண்டை வேறொரு உருண்டையில் போயிருக்கலாம், அல்லது உடைந்திருக்கலாம். கிடைத்ததை வைத்து 'குறைந்தது இத்தனை' என்று சொல்லும் நிதானம் வளர்ந்தவர்களுக்கே எளிதில் கைவராது. பன்னிரண்டு வயதில் அது அவளுக்கு வந்துவிட்டது.

ஒன்பது உருண்டைக்கும் சேர்த்துக் கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். எலியும் சுண்டெலியுமாகக் குறைந்தது இருபத்திரண்டு. மூஞ்சூறு மூன்று. சிறு பறவை மண்டையோடு ஒன்று. ஒரு பிள்ளை கண்டுபிடித்த பிள்ளைப்பூச்சியின் முன்கால் ஒன்று, மண்வெட்டி மாதிரி.

உணவுச் சங்கிலி என்று நாமெல்லாம் பாடப் புத்தகத்தில் வரைந்தது நேர்க்கோடு: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. சூழலியலாளர் சார்லஸ் எல்டன் 1921-இல், இருபத்தோரு வயது மாணவராக, ஆக்ஸ்ஃபோர்டு குழுவோடு ஆர்க்டிக் கடலின் கரடித் தீவுக்குப் போனார். உயிரினங்கள் குறைவான தீவு என்பதால் எது எதைத் தின்கிறது என்று முழுசாகப் பார்க்க முடிந்தது. அதை வைத்து 1923-இல் வெளியான படம் கோடாக இல்லை, சிலந்தி வலையாக இருந்தது. கரும்பலகையிலும் அன்று கோடு வலையாக விரிந்தது. தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கி அம்புக்குறி போட வேண்டும். பிள்ளைகள் பாதிப் பேர் தலைகீழாகப் போட்டார்கள். 'சோறு யார் வயித்துக்குள்ள போவுது? அம்பும் அங்கதான் போவணும்' என்று ஆசிரியை சொன்னதும் சரியாயிற்று. நெல்லிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து கூகைக்கு. பிள்ளைப்பூச்சியிலிருந்து மூஞ்சூறுக்கு, மூஞ்சூறிலிருந்தும் கூகைக்கு. பாம்பு, கீரி, நாய், பூனை என்று அவர்களே சேர்த்துக்கொண்டே போனார்கள்.

பின்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "டீச்சர், எங்க அப்பாயி எலி வளையத் தோண்டி நெல்லு எடுக்கும். அப்பாயிய எங்க போடுறது?"

டெல்டாவில் இது புதிதல்ல. வயலெலி கதிர்களை வெட்டி வளைக்குள் சேர்த்து வைக்கும். அறுப்பு முடிந்ததும் நிலமில்லாத குடும்பங்கள் வளையைத் தோண்டி அந்தக் கதிர்களை எடுத்துக் கசக்கி, காயவைத்துக் குத்திச் சோறாக்கியிருக்கிறார்கள். ஆசிரியை சாக்பீஸை அந்தச் சிறுமியிடமே கொடுத்தார். அவள் எலியின் பக்கத்தில் ஒரு பெண் உருவம் வரைந்து, எலி சேர்த்த நெல்லிலிருந்து அவளுக்கு ஒரு அம்பு போட்டாள்.

அப்போது ஒரு பையன், தலையை நிமிர்த்தாமல், "நாங்க எலியும் சாப்பிடுவோம்" என்றான்.

ஒரு விநாடி வகுப்பு அசையவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காக இந்த நாட்டில் எத்தனை பிள்ளைகள் வகுப்பில் கேலிக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆசிரியையின் குரல் மாறவில்லை. "அப்ப அம்பு எங்கேருந்து எங்க போவணும்? வந்து போடு" என்றார். அவன் வந்தான். எலியிலிருந்து மனிதனுக்கு அழுத்தமாக ஒரு அம்பு போட்டான். கூகைக்குப் போட்ட அம்பைவிடத் தடிமனாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. இதற்காகவே அந்த ஆசிரியைக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன். உணவு வலை என்று புத்தகத்தில் இருப்பது அவன் வீட்டு அடுப்பிலும் இருக்கிறது என்று அந்த வகுப்பு ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் புங்கமரத்தடியில் ஒரு விளையாட்டு. நான்கு பேர் கூகை, இருபது பேர் எலி, மற்றவர்கள் நெல்லாக ஆங்காங்கே உட்கார்ந்தார்கள். எலிகளில் எட்டுப் பேருடைய கையில் மட்டும் சிவப்புச் சாக்பீஸ் தூள். அவர்கள் மருந்து தின்ற எலிகள், மெதுவாகத்தான் நடக்க வேண்டும். கடையில் எலிக்கு விற்கும் புரோமாடியோலோன் கேக் எலியை உடனே கொல்லாது. இரத்தம் உறையாமல் தடுக்கும். எலி சாக மூன்று நான்கு நாளாகும், அதற்குள் தள்ளாடித் தள்ளாடி வெட்டவெளிக்கு வரும். எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதைத்தான் கூகை முதலில் பிடிக்கும். விளையாட்டிலும் அப்படியே நடந்தது. ஓடுகிற எலியை விட்டுவிட்டு மெதுவாக நடக்கிற எலியைத்தான் பிடித்தார்கள். பிடித்த எலியின் கையைப் பற்றிக் குலுக்க வேண்டும் என்பது விதி. விசில் ஊதியதும் கூகைகளைக் கையை விரிக்கச் சொன்னார் கருத்தாளர். எலிகளின் கையில் லேசாக இருந்த சிவப்பு, நான்கு கூகைகளின் உள்ளங்கையிலும் கெட்டியாக அப்பியிருந்தது.

ஒரு கூகை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டது: "டீச்சர், எங்க அத்தா அந்தக் கேக்குதான் வாங்கிட்டு வருவாங்க. நான் என்ன சொல்லணும்?"

ஆசிரியை அதற்கு வாயைத் திறந்ததும் பதில் சொல்லிவிடவில்லை. எலியால் நெல் போவது உண்மை. அது தின்பதைவிட வெட்டிச் சாய்ப்பது அதிகம். அத்தாவைக் குறை சொல்ல வேண்டாம், கழி நட்டால் மருந்து எவ்வளவு குறையும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம் என்றார். எலி பிடிக்கும் மூங்கில் கிட்டி பின்னத் தெரிந்த தாத்தா ஒருவர் இதே ஊரில் இருக்கிறார், அடுத்த வாரம் அவர் வகுப்புக்கு வருகிறார் என்றும் சொன்னார். ஆகாயத்தில் ஒரு பருந்தை மட்டும் காட்டி 'இயற்கையைக் காப்போம்' என்று கோஷம் போடவைக்கும் வகுப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே பிள்ளையின் கேள்வி அவள் அப்பாவின் வரவு செலவுக் கணக்கைத் தொட்டது. அறிவியல் வகுப்பு தொடவேண்டிய இடம் அதுதான் என்று நம்புகிறேன்.

அன்று இரவு கூத்தாநல்லூரிலேயே தங்கினேன். அந்தி மயங்கும் நேரத்தில் ஆசிரியையும் அவர் கணவரும், எலியிலிருந்து மனிதனுக்கு அம்பு போட்ட அந்தப் பையனும் அவன் அப்பாவும் என்னை வயலுக்கு அழைத்துப் போனார்கள். அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிற்கும் கதிருக்குள்ளேயே உளுந்து தெளிப்பார்கள். அன்று காலைதான் தெளித்திருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்தோம். தூரத்தில் மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பனி இறங்கத் தொடங்கியது. பையன் வாயில் விரல் வைத்துக் காட்டினான்.

கூகையின் காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. அதனால் சத்தம் பக்கவாட்டில் எங்கிருந்து வருகிறது என்பதோடு எந்த உயரத்திலிருந்து வருகிறது என்றும் அதற்குத் தெரியும். கொஞ்சமும் வெளிச்சமில்லாத அறையில், சருகின் மேல் ஓடும் எலியைச் சத்தத்தை மட்டும் வைத்தே அது பிடிப்பதை அமெரிக்காவில் உயிரியலாளர் ரோஜர் பெய்ன் சோதித்துக் காட்டினார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், தலைக்கு மேல் அது போனபோது என் காதில் எதுவுமே விழவில்லை. வெளிறிய ஒன்று கதிர்களின் மேல் தாழ்வாக மிதந்து போனது, அவ்வளவுதான். சிறகடிக்கும் ஓசை இல்லை. கழியின் குறுக்குக் கட்டையில் உட்கார்ந்து, முகத்தை மெதுவாக எங்கள் பக்கம் திருப்பியது. நெல் அறையின் மூலையில் ஒண்டியிருந்த அதே முகம். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

விடிந்ததும் பையன் என்னைத் திரும்பவும் அங்கே கூட்டிப்போனான். கழிக்கு அடியில், பனியில் நனைந்த வரப்புப் புல்லின் மேல், புதிய உருண்டை ஒன்று கறுப்பாக, எண்ணெய் தடவியது போல மினுங்கிக்கொண்டு கிடந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்தான். வாழைச் சருகால் உருண்டையைத் தள்ளித் தாளில் ஏற்றி மடித்தான். மடிப்பின் மேல் தேதியை எழுதினான். இடம் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தபடி கொஞ்சம் யோசித்தான்.

"சார், 'எங்க வயல்'னு போடவா? நாங்க வாரத்துக்குத்தான் செய்யறோம்" என்றான்.

போடு என்றேன்.